யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கலாமா? எக்சிட் போல் சட்டமும் ஊவாத் தோட்ட வாக்கும்

ஊவாவின் லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒரு பெண் வாக்களித்துவிட்டு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவர், "அக்கா, எந்தச் சின்னத்துக்குப் போட்டீங்க?" என்று கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்கிறார். அப்படித் திரட்டிய பதில்களைக் கூட்டிப் பிற்பகல் இரண்டு மணிக்கு முகநூலில் போடுகிறார். வாக்களிப்பு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. இதில் எது குற்றம்? கேட்டதா, குறித்ததா, போட்டதா? இந்தியாவில் என்றால் பதில் தெளிவு: போட்டது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. இலங்கையில் அத்தனை நேரான பதில் கிடையாது.

இலங்கையின் முதன்மைத் தேர்தல் சட்டங்கள் இரண்டும் 1981ஆம் ஆண்டுக்குரியவை: 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல் சட்டமும். எக்சிட் போலை, அதாவது வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் கேட்டுத் திரட்டும் கணிப்பை, பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு அவற்றில் இல்லை. இருப்பவை வேறு காவல்கள். வாக்களிப்பு நிலையத்துக்குள் ஒருவர் யாருக்குப் புள்ளடி போட்டார், போடப் போகிறார் என்பதை அறிய முயல்வது குற்றம். நிலையத்தின் வாயிலிலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள் வாக்குக் கேட்பதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் குற்றம். மிரட்டியும் நட்டம் விளைவித்தும் வாக்கைத் திருப்புவது தகாத செல்வாக்கு என்ற ஊழல் செயல். பிரசாரம் வாக்களிப்பு நாளுக்கு 48 மணி நேரம் முன்னதாகவே ஓய வேண்டும். இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், வெளியே வந்தவரிடம் கேட்டு எழுதி வெளியிடுபவரை இவற்றில் எந்த ஒன்றும் நேராகப் பிடிக்காது. அவர் நிலையத்துக்குள் நுழையவில்லை, வாக்குக் கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை.

எஞ்சியிருப்பது தேர்தல்கள் ஆணைக்குழுவின் வழிகாட்டல் அதிகாரம். 2001இன் 17ஆவது திருத்தத்தால் அரசியலமைப்புக்குள் வந்த 104ஆ உறுப்புரை, சுதந்திரமும் நீதியுமான தேர்தலுக்குத் தேவையென்று கருதும் வழிகாட்டல்களை ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் பத்திரிகை உரிமையாளர்களுக்கும் வழங்க ஆணைக்குழுவுக்கு இடமளிக்கிறது. ஆனால் அவற்றைப் பின்பற்றச் செய்யும் கடமை அரச ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்களின் தலைவர்கள் மீதே வெளிப்படையாகச் சுமத்தப்பட்டது. தனியார் தொலைக்காட்சி மீறினால் என்ன தண்டனை என்பது அங்கே இல்லை. லுணுகலை பஸ் நிலையத்தில் நின்றபடி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியலை அனுப்பும் இளைஞர் ஒளிபரப்பாளரும் அல்லர், பத்திரிகை உரிமையாளரும் அல்லர். அவர் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறார்.

வழிகாட்டலை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை இந்தியா பட்டே அறிந்தது. 1998 ஜனவரியில் இந்தியத் தேர்தல் ஆணையம், அரசியலமைப்பின் 324ஆவது உறுப்பில் தனக்குள்ள பொது அதிகாரத்தைக் கொண்டு, கருத்துக்கணிப்புகளையும் எக்சிட் போல்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிடக் கூடாது என்று வழிகாட்டல் பிறப்பித்தது. பத்திரிகைகள் எதிர்த்தன. அடுத்த ஆண்டுத் தேர்தலின்போது சில ஊடகங்கள் மீறவே, ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்தின் பின்பலம் இல்லாத வழிகாட்டலை எப்படி நடைமுறைப்படுத்தச் சொல்வது என்று நீதிமன்றம் 1999 செப்டெம்பரில் கேட்டது. ஆணையம் வழிகாட்டலைத் திரும்பப் பெற்றது. 2004 மக்களவைத் தேர்தல் நான்கு கட்டங்களாக நடந்தபோது ஒவ்வொரு கட்டத்தின் மாலையிலும் எக்சிட் போல் வந்தது. முதல் கட்டத்தில் யார் முந்துகிறார் என்று பார்த்துவிட்டு இரண்டாம் கட்ட வாக்காளர் வரிசையில் நின்றார். அதன் பிறகே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126அ பிரிவு 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்து, 2010 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் நாள் வாக்களிப்புத் தொடங்கும் நேரத்திலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எந்த வழியிலும் வெளியிடக் கூடாது.

அந்தப் பிரிவு வெற்று மிரட்டலாக நின்றுவிடவில்லை. 2017 பெப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் முதற் கட்ட வாக்களிப்புக்குப் பின் தைனிக் ஜாக்ரன் நாளிதழின் இணையதளத்தில் ஒரு கணிப்பு வெளியானது. 15 மாவட்டங்களில் வழக்குப் பதியும்படி ஆணையம் உத்தரவிட்டது. இணையதளத்தின் ஆசிரியர் கைதானார். ஆனாலும் அந்தப் பிரிவின் காவல் வெளியிடும் நேரத்தின் மீது மட்டுமே இருக்கிறது. கட்டந்தோறும் நிறுவனங்களின் ஆட்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். திரட்டியதைப் பூட்டி வைத்திருந்து கடைசி நாள் மாலை ஆறரைக்குத் திறக்கிறார்கள். யார் கேட்கிறார், எப்படிக் கேட்கிறார், பதில் சொன்னவரின் முகத்தை யார் பார்த்தார் என்பவற்றைப் பற்றி 126அ ஒன்றும் சொல்லவில்லை. ஊவாத் தோட்டங்களிலிருந்து பார்க்கும்போது அதன் பெரிய வெற்றிடம் அதுவே.

கணிப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். எங்கள் பக்கத்து லயன்களின் கூரைகளில் டிஷ் அன்டெனா வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டுச் சேனல்களின் எக்சிட் போல் இரவுகள் இங்கேயும் பழக்கமானவை. 2016 மே 16ஆம் திகதி மாலை பெரும்பாலான கணிப்புகள் திமுகவுக்கு ஆட்சியைக் கொடுத்தன. எண்ணி முடித்தபோது அதிமுக 134 இடங்களில் வென்றிருந்தது. 2024 ஜூன் 1ஆம் திகதி இந்தியா முழுவதற்கும் வந்த கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350க்கும் மேல் தந்தன. கிடைத்தது 293. தவறிப்போகும் என்பதற்காக ஒரு பேச்சைத் தடை செய்ய முடியாது. வானிலை அறிவிப்பும் தவறும். தடைக்கு வேறு காரணம் வேண்டும்.

உலகத்தின் மற்ற இடங்கள் அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் கடிகாரத்தில் தேடின. 1967இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநில ஆளுநர் தேர்தலில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக வாரன் மிட்டோஃப்ஸ்கி வாக்காளரை வாசலில் மறித்துக் கேட்டதிலிருந்து இந்த முறை வளர்ந்தது. 1980இல் மேற்குக் கரையில் வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே என்பிசி ரேகன் வென்றார் என்று அறிவித்தது. வாஷிங்டன் மாநிலம் 300 அடிக்குள் எக்சிட் போல் எடுப்பதைத் தடுத்துச் சட்டம் செய்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் அதைப் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரண் என்று தள்ளியது. ஜெர்மனியில் மாலை ஆறு மணிக்கு முன் வெளியிடக் கூடாது. பிரித்தானியாவில் வாக்களிப்பு முடியும் இரவு பத்து மணிக்கு முன் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை. கனடாவில் 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் கிழக்கு மாகாணங்களின் முடிவுகளை மேற்கு வாக்களிப்பு முடியுமுன் தன் இணையதளத்தில் போட்டவருக்கு எதிரான வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2007இல் ஐந்துக்கு நான்கு என்ற பிரிவோடு தடையைச் சரியென்றது. சமூக ஊடகங்கள் பெருகிய பின் கனடா அந்தத் தடையையே கைவிட்டது.

இவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது பிலிப்பைன்ஸ் தீர்ப்பு. 1998 மே தேர்தலில் எக்சிட் போலைத் தடுத்த அந்நாட்டுத் தேர்தல் ஆணைக்குழு சொன்ன காரணங்களில் ஒன்று வாக்கின் இரகசியம். 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. வாக்காளர் சீட்டைக் காட்டவில்லை, விரும்பியவர் விரும்பியதைச் சொல்கிறார், சொல்ல மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பது நீதிமன்றத்தின் வாதம். மறுக்க முடிந்தவருக்கு அந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். மறுப்பதற்கே விலை கொடுக்க வேண்டியவருக்கு என்ன வழி என்பதற்கு அதில் பதில் இல்லை.

இலங்கைக்கு இந்தியாவின் காரணம் அப்படியே பொருந்தாது. தேசியத் தேர்தல் இங்கே ஒரே நாளில் நடக்கிறது. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நாடு முழுவதும் 1 கோடி 71 இலட்சம் வாக்காளருக்குக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. அன்றிரவே முடிவுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. நாலு மணிக்கு முடிந்து அன்றிரவே உண்மை எண்கள் கைக்கு வரத் தொடங்கும் நாட்டில், பணம் செலவழித்து எக்சிட் போல் எடுக்க எந்தத் தொலைக்காட்சிக்கும் பெரிய ஆவல் இருக்காது.

ஆனால் கட்டங்கட்டமாக வாக்கெடுத்து முந்தியதன் முடிவால் பிந்தியதை வளைக்கும் பழக்கம் இங்கே இல்லாமல் இல்லை. அதைச் செய்தது அரசாங்கம். 2008இலிருந்து மாகாண சபைத் தேர்தல்கள் பிரித்துப் பிரித்து நடத்தப்பட்டன. வெல்லக்கூடிய மாகாணம் முதலில், அதன் வெற்றிச் செய்தியோடு அடுத்தது. அந்த வரிசையின் கடைசியில் 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி வந்தது ஊவா. 2009இல் ஊவாவில் 25 ஆசனம் வைத்திருந்த ஆளும் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு இம்முறை 19க்கு இறங்கியது. ஏழு ஆசனத்தோடு இருந்த ஐக்கிய தேசியக் கட்சி 13க்கு ஏறியது. ஆளுங்கட்சி வென்றும் கொழும்பில் எல்லோரும் அதைத் தோல்வியின் அறிகுறியாகவே படித்தார்கள். இரண்டு மாதத்தில், நவம்பர் 21ஆம் திகதி, மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதித் தேர்தலுக்கான எதிரணியின் பொது வேட்பாளராக வெளியே வந்தார். 2015 ஜனவரி 8ஆம் திகதித் தேர்தலில் ஆட்சி மாறியது. ஊவாவின் பதுளை, மொனராகலை மாவட்டங்களின் வாக்கு நாடு முழுவதற்குமான கருத்துக்கணிப்பாக வேலை செய்தது. அதைச் சட்டவிரோதம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு பகுதியின் தீர்ப்பை மற்றப் பகுதிக்கு முன்கூட்டிக் காட்டுவது தவறு என்பதுதான் எக்சிட் போல் தடையின் தத்துவம் என்றால், அதே தத்துவம் அரசாங்கத்தின் திகதிக் கணக்கையும் கட்டுப்படுத்தவேண்டும். எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்ற 2017ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்த முயற்சி, சர்வசன வாக்கெடுப்பு தேவை என்ற உச்ச நீதிமன்றத் தீர்மானத்தோடு நின்றுபோனது.

இன்னொரு கட்டமும் உண்டு, தபால்மூல வாக்கு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஆசிரியர்களும் பொலிஸாரும் மற்ற அரச ஊழியர்களும் செப்டெம்பர் முதல் வாரத்திலேயே புள்ளடி போட்டுவிட்டார்கள். அந்தச் சீட்டுகள் வாக்களிப்பு நாள் மாலை வரை உறையிலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் அந்த இரண்டு வார இடைவெளியில் "தபால் வாக்கு முடிவு" என்ற பெயரில் மாவட்ட வாரியான பட்டியல்கள் கைபேசிகளில் சுற்றுகின்றன. எண்ணாத வாக்குக்கு முடிவு ஏது? பட்டியல் பொய் என்று ஆணைக்குழு மறுக்கிறது. மறுப்பு வருவதற்குள் பட்டியல் பசறையிலிருந்து பிபிலை வரை போய்விடுகிறது. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் இரவு பஸ் ஏறி ஊருக்கு வந்து வாக்களிப்பவர்கள். முடிவு முடிந்துவிட்டது என்று நம்ப வைத்தால் அவர்களில் சிலர் அந்த பஸ்ஸில் ஏற மாட்டார்கள். வாக்களிப்பு முடியும் வரை வெளியிடக் கூடாது என்ற சிறிய தடை இலங்கைக்குத் தேவை என்று நான் சொல்வதற்கு இந்தப் பொய்ப் பட்டியல்தான் காரணம். உண்மையான எக்சிட் போல் வந்து எங்களைக் கெடுத்துவிடும் என்ற பயம் எனக்கில்லை.

இனி, வாசலில் நிற்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். லுணுகலை, பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் ஏ5 வீதியில் இருக்கிறது. ஹொப்டன் போன்ற தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் கடைவீதியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். தோட்டத்தில் இருக்கும் வாக்காளர் ஒருவரின் வாழ்க்கையை மேலோட்டமாகப் பார்த்தாலே, அவருடைய வாக்கு எத்தனை கண்களுக்கு நடுவில் விழுகிறது என்பது புரியும். லயன் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீட்டின் நிலையும் கேள்விக்குறி. தனி முகவரி இல்லாத வீடுகளுக்கு வரும் கடிதம் பல தோட்டங்களில் இன்னும் ஆபிஸுக்குப் போய்த்தான் கைக்கு வருகிறது. தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் கழிப்பதும் அதே ஆபிஸ்தான், ஆகவே யார் எந்தச் சங்கம் என்ற பெயர்ப்பட்டியல் அங்கே உண்டு. மலையகத்தில் சங்கமும் கட்சியும் பெரும்பாலும் ஒன்று. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், தொழிலாளர் தேசிய சங்கம், மலையக மக்கள் முன்னணி எல்லாமே சந்தாவும் வாங்கி வாக்கும் கேட்பவை. தோட்டத் தலைவர் சங்கத்தின் ஆள். வாக்களிப்பு நிலையத்தில் கட்சியின் முகவராக இடாப்பில் பெயரை வெட்டிக்கொண்டிருப்பவரும் அநேகமாக அதே லயனின் ஆள்.

அந்த வாசலில் "எந்தச் சின்னம்?" என்று ஒருவர் கேட்டால், பதில் கேட்கும் முகத்தைப் பார்த்துத்தான் வரும். தலைவரின் மருமகன் கேட்டால் "நம்ம சின்னத்துக்குத்தான்". வெளியூர்ப் பிள்ளை கேட்டால் ஒரு சிரிப்பு. துரை பங்களாவில் வேலை செய்பவர் கேட்டால் "எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்". இந்தப் பதில்களைச் சிலர் அறியாமை என்பார்கள். நான் அதை வாக்கின் இரகசியத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் திறமை என்று மதிக்கிறேன். 2014இலும் 2024இலும் தலைவர் சொன்னதற்கு மாறாகப் புள்ளடி போட்ட தோட்ட வாக்காளர்கள் பதுளை மாவட்டத்தில் ஏராளம். அந்த மாற்றம் எண்ணும் மேசையில்தான் தெரிந்தது, வாசலில் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததனாலேயே அது நடக்க முடிந்தது.

இந்தத் திறமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் எடுத்துக்கொண்டன. தோட்ட வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பது அந்த ஆட்சியாளருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள், கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் என்று அரை நூற்றாண்டுக்கும் மேல் போராடித்தான் அந்த வாக்கு முழுமையாகத் திரும்பி வந்தது. வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்ற தகவல் ஒரு சமூகத்துக்கு எதிராகப் பயன்பட்டதைப் பார்த்தவர்கள் எங்கள் பாட்டனார்கள்.

அதனால் எக்சிட் போலே வேண்டாம் என்று முழுத்தடை கேட்கலாமா? அந்த எல்லைக்கு என்னால் போக முடியவில்லை. 1999 ஜனவரி 25ஆம் திகதி வடமேல் மாகாண சபைத் தேர்தலில் கள்ள வாக்கும் வன்முறையும் எந்த அளவுக்குப் போயின என்பதை நாடு மறக்கவில்லை. வாக்காளரிடம் சுயாதீனமாகக் கேட்டுத் திரட்டிய ஓர் எண், அறிவித்த முடிவோடு முரண்பட்டால், அது மோசடியைக் காட்டும் சாட்சி. 2003இல் ஜோர்ஜியாவிலும் 2004இல் உக்ரைனிலும் அப்படி நடந்தது. பெஃப்ரல், தேர்தல் வன்முறைக் கண்காணிப்பு நிலையம் போன்ற உள்ளூர்த் தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளின் கையிலிருந்து அந்தக் கருவியை எடுத்துவிடுவது நல்லதல்ல.

அரசியலமைப்பும் குறுக்கே வரும். 1998 ஓகஸ்ட் 28ஆம் திகதி ஐந்து மாகாண சபைகளுக்கு நடக்கவிருந்த தேர்தல், அவசரகால ஒழுங்குவிதியால் நிறுத்தப்பட்டது. ஊவாவும் அவற்றில் ஒன்று. கருணாதிலக்க எதிர் தயானந்த திசாநாயக்க வழக்கில் 1999 ஜனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு, வாக்களிப்பதும் 14(1)(அ) உறுப்புரை காக்கும் பேச்சு, கருத்து வெளிப்பாட்டு உரிமையின் ஒரு வடிவம் என்று கூறி, தேர்தலை நிறுத்தியது அந்த உரிமையை மீறியதாகக் கண்டது. ஏப்ரலில் ஊவா வாக்களித்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை இங்கே நீட்டிப் பார்க்கிறேன். வாக்கே ஒரு வெளிப்பாடு என்றால், தான் எப்படி வாக்களித்தேன் என்று ஒருவர் சொல்வதும் வெளிப்பாடு, அதைத் தொகுத்து வெளியிடுவதும் வெளிப்பாடு. அதே வேளை, சொல்லாமல் இருப்பதும் வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் பாதி. 15ஆவது உறுப்புரையின்படி இந்தச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், பிறரின் உரிமைகளை மதிக்கச் செய்வது அதற்கு ஏற்ற காரணங்களில் ஒன்று. வழிகாட்டல் போதாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. சொல்ல மறுப்பவரின் உரிமைதான் எக்சிட் போல் சட்டத்துக்கு உரிய அடித்தளம் என்பதற்கும் இதுவே ஆதாரம்.

எப்படிக் கேட்பது என்பதற்குப் பிரித்தானியாவின் நடைமுறையைப் பார்க்கலாம். அங்கே மூன்று பெரிய தொலைக்காட்சிகளும் சேர்ந்து எடுக்கும் கணிப்பில், 130க்கும் மேற்பட்ட நிலையங்களின் வாசலில் வாக்காளரிடம் வாய்திறந்து கேட்பதில்லை. வாக்குச்சீட்டைப் போன்ற இன்னொரு சீட்டைக் கொடுக்கிறார்கள். அதில் அவர் மறைவாகக் குறித்து, மடித்து, அங்கே வைத்திருக்கும் பெட்டியில் போடுகிறார். பெயர் இல்லை, கேட்டவருக்கும் பதில் தெரியாது. வெளியாவதும் நாடு முழுவதற்குமான ஆசன எண்ணிக்கைதான். குறிப்பிட்ட ஒரு நிலையம் எப்படி வாக்களித்தது என்பது வெளியே வருவதில்லை. லுணுகலைத் தோட்ட வாசலில் வைக்கக்கூடிய கணிப்பு இது ஒன்றுதான்.

ஆகவே இலங்கைச் சட்டத்தில் எழுத வேண்டியவை என்று நான் கருதுபவற்றில் வெளியிடும் நேரம் சுலபமானது: வாக்களிப்பு முடியும் வரை தடை, கைபேசியில் பகிர்வதற்கும் சேர்த்து, தபால் வாக்கு நடந்த நாளிலிருந்து. இரண்டாவது, பதிலை வாய்மொழியாகக் கேட்கவோ பெயரோடு குறிக்கவோ எவருக்கும் அனுமதி இல்லை, மறைவான சீட்டும் பெட்டியும் கட்டாயம். வேட்பாளர், கட்சி, தொழிற்சங்கம், தொழில்கொள்வோர் ஆகியோரின் ஆட்கள் வாக்களித்தவரிடம் வாக்கைப் பற்றிக் கேட்பதே குற்றமாக வேண்டும், வெளியிட்டாலும் சரி வெளியிடாவிட்டாலும் சரி. இந்தியச் சட்டத்தில் இல்லாதது இது, எங்களுக்கு முதலில் வேண்டியதும் இது. மூன்றாவது, தேர்தல் தொகுதிக்குக் கீழே எந்த எண்ணும் வெளிவரக் கூடாது.

மூன்றாவதைச் சொல்லும்போது ஆணைக்குழுவின் சொந்த எண்ணும் முறையும் கேள்விக்கு வருகிறது. ஜனாதிபதி, பாராளுமன்றத் தேர்தல்களில் லுணுகலையின் பெட்டிகள் பதுளைக்குப் போய், பசறைத் தொகுதியின் ஏனைய பெட்டிகளோடு எண்ணப்பட்டு, தொகுதி முடிவாகவே வெளியாகின்றன. ஹொப்டன் எப்படி வாக்களித்தது என்று யாரும் ஆதாரத்தோடு சொல்ல முடியாது. வட்டார முறை வந்த பின் 2018 பெப்ரவரி 10ஆம் திகதியும் 2025 மே 6ஆம் திகதியும் நடந்த உள்ளூராட்சித் தேர்தல்களில் நிலைமை மாறியது. வாக்குகள் வட்டாரத்துக்குள்ளேயே எண்ணப்பட்டு, வட்டார முடிவாகவே அறிவிக்கப்பட்டன. முழுவதும் தோட்டமாக இருக்கும் வட்டாரத்தில் அந்த முடிவு தோட்டத்தின் வாக்கு. எந்தக் கணிப்பாளரும் கொடுக்க முடியாத துல்லியத்தோடு, முத்திரையிட்ட எண்ணாக, அது தலைவர் கையிலும் ஆபிஸ் மேசையிலும் இருக்கிறது. பாதை போடவும் வீட்டுத் திட்டம் கொடுக்கவும் பட்டியல் தயாரிக்கும்போது அந்த எண்ணைப் பார்ப்பவர் பார்ப்பார். வட்டாரத்துக்கு உறுப்பினரைத் தெரிவு செய்ய வட்டார எண்ணிக்கை தேவை, அதை மறுக்கவில்லை. வட்டாரத்துக்குள் இருக்கும் பல நிலையங்களின் சீட்டுகளைக் கலந்த பின்பே எண்ண வேண்டும், நிலையவாரியான எண் கட்சி முகவர்களின் குறிப்பேட்டிலும் ஏற இடம் தரக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதலாம்.

ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. 2017இன் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் எல்லை நிர்ணயத்தில் சிக்கி, 2014க்குப் பிறகு ஊவாவில் மாகாண சபைத் தேர்தல் நடக்கவே இல்லை. அதை நடத்துவதற்கே பாராளுமன்றம் இன்னொரு திருத்தச் சட்டம் கொண்டுவர வேண்டும். அந்தத் திருத்தத்தில் இந்த ஏற்பாடுகளுக்கு ஒரு பக்கம் போதும். எங்கள் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராக இருந்தாலும், அந்தப் பக்கத்தை எழுதிக் குழுநிலையில் முன்வைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.